அரங்கப்பணமும் கள்ளப்பணமும்

நாணயத்தாள் என்பது தன்னளவில் ஒரு கடதாசித் துண்டே. அதனை உண்ணவும் இயலாது; உடுக்கவும் இயலாது. பொன்னையும் வெள்ளியையும் போல உருக்கி வேறொன்றாக்கிக் கொள்ளுதலும் இயலாது. அரசொன்று தன் பெயரைப் பொறித்து, இதற்கு இத்துணைப் பெறுமதி உண்டென்று கூற, அக்கூற்றை மக்கள் நம்பி ஒருவர் கையிலிருந்து ஒருவர் ஏற்பதனாலேயே அது பணமாகின்றது. ஆதலின் நாணயத்தாளின் வரலாற்றை நம்பிக்கையின் வரலாறு எனலாம். அவ்வரலாற்றிலே, தாளை வெளியிடும் அரசுக்கும், அதனைக் கையாளும் வணிகருக்கும், அதனைப் போலச் செய்து பிறரை ஏமாற்றும் கள்ளருக்கும் ஆசிரியர் பலர் இடம் வகுத்துள்ளனர். இம்மூவரிலும் சேராத நான்காமவர் ஒருவரும் உளர். அவர் ஏமாற்றும் எண்ணமின்றியே போலித்தாளை ஆக்குபவர். நாடக மேடைக்கும் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வேண்டிய பொய்ப்பணத்தை அச்சிடுவோர் இவ்வகையினர். அவர் ஆக்கும் தாளினை அரங்கப்பணம் என ஈண்டு வழங்குவாம்.

அரங்கப்பணத்தின் தேவை எளிதில் விளங்குவது. கொள்ளையன் ஒருவன் பெட்டியைத் திறக்கின்றான். உள்ளே ஒரு மில்லியன் டொலர் இருத்தல் வேண்டும் என்பது கதை. உண்மைப் பணத்தையே வைத்துப் படம் பிடிப்பதாயின், அத்தொகையைத் திரட்டவும், காவலரை நிறுத்தவும், ஒவ்வொரு நாள் மாலையிலும் எண்ணிப் பார்க்கவும் வேண்டும். அமெரிக்க நாணயத்தாள் ஒன்றின் நிறை ஏறத்தாழ 1 கிராம். இருபது டொலர்த் தாள்களாக ஒரு மில்லியன் டொலரை அடுக்கினால் 50,000 தாள்கள், அஃதாவது 50 கிலோகிராம் வேண்டும். கதாநாயகன் ஒரு கையால் வீசி எறியும் பெட்டியில் அது அடங்குவதோ சுமக்கப்படுவதோ அரிது. எனவே பொய்த்தாள் இன்றியமையாததாகின்றது. ஆனால் அப்பொய்த்தாளிடம் இருவேறு பண்புகள் ஒருங்கே எதிர்பார்க்கப்படுகின்றன. படக்கருவியின் கண்ணுக்கு அது மெய்யெனத் தோன்றுதல் வேண்டும். அதனைக் கையில் எடுப்பவனுக்கோ அது பொய்யெனத் தெரிதல் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு நிபந்தனைகளையும் ஒரே தாளில் நிறைவேற்ற முயன்ற கதையே அரங்கப்பணத்தின் வரலாறாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அக்கதை தெளிவாகக் காணப்படுகின்றது.

திரைப்படம் தோன்றுதற்கு முன்னரே இச்சிக்கல் தோன்றிவிட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நிகழ்ந்த காலத்தில், பிரிந்துசென்ற தென் மாநிலங்களின் கூட்டமைப்புத் தனக்கென நாணயத்தாள்களை வெளியிட்டு வந்தது. 1862ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் தேதி, ‘பிலடெல்பியா இன்குவயறர்’ என்னும் வடபுலத்துப் பத்திரிகை தென்னாட்டு ஐந்து டொலர்த் தாளொன்றின் உருவத்தைத் தன் பக்கத்திற் பதிப்பித்தது. அந்நகரின் செஸ்நற் வீதியிலே கடிதத்தாளும் பத்திரிகைகளும் வாசனைப் பொருள்களும் விற்றுவந்த சாமுவேல் அப்ஹாம் என்னும் கடைக்காரர், அப்பத்திரிகை விரைவாக விற்றுப்போவதைக் கண்டார். பக்கத்திலிருந்த தாளின் உருவமே மக்களைக் கவர்ந்தது என அறிந்து, அதன் அச்சுப்பதிவை விலைக்கு வாங்கி 3,000 பிரதிகள் அச்சிட்டு, ஒன்று ஒரு சதமாக விற்றார். போர்க்கால நினைவுப்பொருள் என்பதே அவர் அதற்கு இட்ட பெயர்.

அப்ஹாம் தம் செயலை மறைத்தவரல்லர். ஒவ்வொரு பிரதியின் விளிம்பிலும் அது மாதிரி உருவமே என்பதும், தம் பெயரும் கடை முகவரியும் சிறிய எழுத்துகளிற் காணப்பட்டன. ஆனால் விளிம்பைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் எஞ்சுவது தென்னாட்டு நாணயத்தாளின் உருவம் மட்டுமே. பருத்தி வாங்கச் சென்ற வணிகரும் தென்புலத்துட் புகுந்த படைவீரரும் அவ்வாறே விளிம்பை நீக்கி, அத்தாள்களைத் தென்னாட்டுச் சந்தைகளிற் பணமாகச் செலவிட்டனர். வடபுல அரசு தென்னாட்டுக் கூட்டமைப்பை ஓர் அரசாக ஏற்காமையால், அதன் தாளைப் போலச் செய்தல் வடபுலத்திற் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. தென்னாட்டுக் கூட்டமைப்போ கள்ள நாணயத்தாளுக்கு மரண தண்டனை விதித்தது. அப்ஹாம் பிற்காலத்திற் கூறிய கணக்கின்படி, 1863ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் வரையில் அவர் அச்சிட்ட பிரதிகளின் முகப்பெறுமதி ஏறத்தாழ 15 மில்லியன் டொலராகும்.

இந்நிகழ்ச்சி பின்னர் வந்த அனைத்துக்கும் முன்மாதிரியாக அமைந்தமை நோக்கற்பாலது. தாளை ஆக்கியவர் அது போலியென்று தாளிலேயே எழுதிவைத்தார். வாங்கியவரும் போலியென்று அறிந்தே வாங்கினார். ஆயினும், மூன்றாமவர் கைக்கு அது சென்றபொழுது பணமாகிவிட்டது. ஆக்கியவனின் எண்ணம் அவன் கடையிலேயே தங்கிவிட, தாள் மட்டும் ஊர் ஊராகச் சென்றது. எண்ணத்தைத் தாளோடு சேர்த்து அனுப்புவதற்கு ஒரு வழி உண்டா என்னும் வினா அன்றே எழுந்தது. விளிம்பில் எழுதுதல் அதற்கு விடையாகாது என்பதும் அன்றே புலனாயிற்று.

அமெரிக்க அரசு இவ்வினாவை வேறொரு பக்கத்திலிருந்து அணுகியது. உள்நாட்டுப் போருக்கு முன்னர் அந்நாட்டில் ஒரே சீரான கடதாசிப் பணம் இருந்ததில்லை. ஏறத்தாழ 1,600 மாநில வங்கிகள் தத்தமக்கு விரும்பிய வடிவிலே தாள்களை வெளியிட்டன. எது மெய், எது பொய் என்று வணிகரே மயங்கிய காலம் அது. 1862ஆம் ஆண்டிலே கூட்டாட்சி அரசு தன் தாள்களைச் சட்டபூர்வமான நாணயமாக்கியபின், அவற்றின் நம்பகத்தைக் காத்தல் அரசின் கடமையாயிற்று. 1865ஆம் ஆண்டு யூலை 5ஆம் தேதி, திறைசேரியின் கீழ் இரகசியச் சேவை என்னும் பிரிவு நிறுவப்பட்டது. பிற்காலத்தில் சனாதிபதியின் மெய்க்காவலுக்காகப் பெயர்பெற்ற அப்பிரிவின் முதற் கடமை கள்ள நாணயத்தாளை ஒழித்தலேயாகும். நாணயத்தாளைச் செலவிடுபவன் ஏமாற்றும் எண்ணம் உடையவனா என்பதைச் சட்டம் ஒருபுறம் வினவியது. மறுபுறத்திலே, நாணயத்தாளைப் போன்ற அச்சையோ ஒளிப்படத்தையோ ஆக்குதலையே தடைசெய்தது. இவ்விரண்டாவது விதியே கலைஞரைத் தாக்கியது.

அதன் கடுமையை முதலில் உணர்ந்தவர் ஓவியர். வில்லியம் ஹார்னற் என்பவர் பொருள்களை மெய்போல வரைவதிற் பெரும்புகழ் பெற்றவர். பழைய நாணயத்தாள் ஒன்று சுவரில் ஒட்டியிருப்பது போல அவர் வரைந்த ஓவியம் நியூயோர்க்கிலே ஒரு மதுச்சாலையிற் தொங்கிற்று. 1886ஆம் ஆண்டிலே இரகசியச் சேவையினர் அதனைக் கைப்பற்றி, அவரையும் எச்சரித்தனர். அதன்பின் அவர் நாணயத்தாள் வரைவதை விட்டார். அவர் காலத்தவரான ஜோன் ஹாபெர்ல் என்னும் ஓவியரோ எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது தொடர்ந்து வரைந்தார். சட்டகத்துள் மாட்டப்பட்ட ஓவியத்தைக் கழற்றிக்கொண்டு போய் எவரும் அரிசி வாங்கப்போவதில்லை. ஆயினும், கையால் வரைந்த ஓவியத்துக்கு இடங்கொடுத்தால் அச்சிட்ட தாளுக்கும் இடங்கொடுக்க நேரும் என அதிகாரிகள் அஞ்சினர் போலும். ஒப்புமையே குற்றம் என்னும் கொள்கை அதன் எல்லை வரை சென்ற இடம் இதுவாகும்.

இந்நிலையிலேதான் திரைப்படம் பிறந்தது. 1903ஆம் ஆண்டில் எட்வின் போர்ட்டர் ஆக்கிய ‘புகைவண்டிப் பெருங்கொள்ளை’ என்னும் படமே பணத்தைக் கொள்ளையடிக்கும் கதையாக அமைந்தது. குதிரைவீரர், சூதாடிகள், வங்கிக் கொள்ளையர் ஆகியோரைப் பற்றிய கதைகள் பெருகப் பெருக, திரையிற் பணம் தோன்றாத படம் அரிதாயிற்று. சட்டத்தின் சொற்களை அப்படியே கொள்ளின், தயாரிப்பாளருக்கு இரு கதவுகளும் அடைபட்டிருந்தன. நாணயத்தாளைப் போல அச்சிடுதல் குற்றம். உண்மை நாணயத்தாளை ஒளிப்படமாக்குதலும் குற்றம். அச்சிடாமலும் உண்மைத் தாளைப் படம் பிடிக்காமலும் திரையிற் பணத்தைக் காட்டுவது எங்ஙனம்?

விடை தெற்கேயிருந்து வந்தது. மெக்சிக்கோ நாட்டிலே 1910ஆம் ஆண்டு நவம்பர் மாதம் புரட்சி மூண்டது. சனாதிபதி பிரான்சிஸ்கோ மடேரோ 1913ஆம் ஆண்டு பெப்ரவரியிற் கொலையுண்டபின், நாடு பல படைத்தலைவரின் போர்க்களமாயிற்று. ஒவ்வொரு தலைவரும் தத்தம் படைக்குச் சம்பளங் கொடுக்கத் தாமே தாள்களை அச்சிட்டனர். வடக்கே சிவாவா மாநிலத்தைக் கைக்கொண்ட பாஞ்சோ வில்லா 1913ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வெளியிட்ட தாள்கள் அவற்றுட் பெயர்பெற்றவை. ஒருவகைத் தாளை மக்கள் ‘படுக்கை விரிப்பு’ என அழைத்தனர். மற்றொன்றில் மடேரோவின் முகமும், அவரைப் போலவே கொலையுண்ட ஆபிரகாம் கொன்சாலசின் முகமும் பொறிக்கப்பட்டிருந்தமையால் அது ‘இரு முகத்தாள்’ எனப்பட்டது. வில்லா வென்றவரை அத்தாள் செல்லுபடியாயிற்று. 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் செலாயாப் போரில் அவர் தோற்றபின் அதன் பெறுமதி சரிந்தது.

வில்லாவை வென்ற கரன்சா தரப்பினர், 1916ஆம் ஆண்டிலே புதிய தாளொன்றை வெளியிட்டனர். போலிசெய்ய இயலாதது என்னும் பொருள்படும் பெயரே அதற்கு வழங்கிற்று. கள்ள அச்சாளரை அப்பெயர் தடுத்ததோ இல்லையோ, மக்களின் அவநம்பிக்கையைத் தடுக்க அதனால் இயலவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அதுவும் ஏறக்குறையப் பெறுமதியற்றதாகி, நாடு மீண்டும் பொன், வெள்ளி நாணயங்களுக்குத் திரும்பியது. நாணயத்தாளுக்கு மெய்யான எதிரி போலித்தாள் மட்டுமன்று, வெளியிடும் அரசின் வலுவின்மையும் ஆகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வாறு செத்துப்போன பணம் எல்லைக்கு வடக்கே மூட்டை மூட்டையாக மலிந்து கிடந்தது. அக்காலத்திலே கலிபோர்ணியாவில் வளரத் தொடங்கியிருந்த ஹொலிவூட் படநிறுவனங்கள் அதனை மலிந்த விலைக்கு வாங்கின. அஃது அமெரிக்க நாணயத்தாளன்று. ஆதலின் அதனைப் படம் பிடித்தல் குற்றமன்று. அச்சிடப்பட்ட உண்மைத் தாளாதலின் அதன் தோற்றத்திற் குறையில்லை. கறுப்பு வெள்ளைப் படத்திலே, சில அடி தூரத்தில், சூதாட்ட மேசைமேற் குவிந்து கிடக்கும் தாள் டொலரா பெசோவா என்று எவராலும் கூற இயலாது. வில்லாவின் வீரனுக்குச் சம்பளமாகக் கொடுக்கப்பட்ட தாள், பேசாப் படங்களிலே அமெரிக்கக் கொள்ளையனின் கையில் டொலராக நடித்தது. நடிகர் அரசராக நடிப்பது போல, தன் நாட்டிற் பெறுமதி இழந்த பணம் வேறொரு நாட்டின் பணமாக வேடம் பூண்டது எனலாம். கிடைத்த இருப்புக் குறைந்தபொழுது, அத்தாள்களின் சாயலிலேயே புதிய தாள்களும் படத்தேவைக்கென அச்சிடப்பட்டன. திரைப்படத்துக்கு வேண்டிய பொய்ப் பத்திரிகை, பொய்ப் பெயர்ச்சீட்டு முதலியவற்றை அச்சிடுவதையே தொழிலாகக் கொண்ட அச்சகங்களும் தோன்றின. 1915ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஏர்ல் ஹேய்ஸ் அச்சகம் அவற்றுட் புகழ்பெற்றது.

மெக்சிக்கோத் தாளின் சிறப்பு யாதெனின், அதனிடம் மேலே கூறிய இரு பண்புகளும் பொருந்தியிருந்தமையே. படக்கருவிக்கு அது பணம். கடைக்காரனுக்கு அந்நிய மொழியில் எழுதப்பட்ட பயனற்ற கடதாசி. எச்சரிக்கை வாசகம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் இவ்வுபாயம் படக்கருவி தூரத்தே நின்றவரைக்கும் நிறமற்ற படம் நிலவியவரைக்கும் மட்டுமே பயன்பட்டது. நெருங்கிய காட்சிகளும் நிறப்படங்களும் பெருகியபொழுது, தன் சட்டைப்பையிலிருக்கும் தாளையே திரையிலும் காண மக்கள் எதிர்பார்த்தனர்.

1958ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் அமெரிக்க அரசாங்க சபை சட்டத்தைத் திருத்தியது. கல்வி, வரலாறு, நாணயவியல், செய்தி ஆகிய நோக்கங்களுக்காக நாணயத்தாளின் உருவத்தைக் கறுப்பு வெள்ளையில், உண்மை அளவினின்றும் வேறுபட்ட அளவில் அச்சிட இடமளிக்கப்பட்டது. திரையில் எறிதற்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்புதற்கும் நாணயத்தாளைப் படச்சுருளிற் பதிவுசெய்தலும் அனுமதிக்கப்பட்டது. இத்திருத்தத்தின் நுட்பம் கவனித்தற்குரியது. திரைமேல் விழும் ஒளியை எவரும் மடித்துப் பையில் வைக்க இயலாது. ஆதலின் அஃது ஆபத்தற்றது. அச்சிட்ட தாளோ கையிலிருந்து கைக்குச் செல்வது. ஆதலின் அதற்குத் தடை நீடித்தது. நெருங்கிய காட்சிக்கு உண்மைத் தாளையே காட்டலாம் என்னும் நிலை ஏற்பட்டதாயினும், குவியல் குவியலாகப் பணம் வேண்டிய இடத்திற் பழைய இடர்ப்பாடு மாறவில்லை.

ஒப்புமையைத் தடைசெய்யும் அதிகாரம் எத்துணைத் தூரம் செல்லலாம் என்பதை 1984ஆம் ஆண்டிலே அமெரிக்க உயர் நீதிமன்றம் ஆராய்ந்தது. ‘ஸ்போர்ட்ஸ் இலஸ்றேற்றட்’ என்னும் விளையாட்டு வார இதழ் 1981ஆம் ஆண்டிலே, கூடைப்பந்து ஆட்டத்தில் நிகழ்ந்த இலஞ்ச ஊழலைப் பற்றிய கட்டுரைக்காக, நூறு டொலர்த் தாள்கள் கூடையினுள் விழுவது போன்ற நிறப்படத்தைத் தன் அட்டையில் வெளியிட்டது. இரகசியச் சேவையினர் அதனைக் குற்றமெனக் கூற, இதழை வெளியிட்ட ரைம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. எந்த நோக்கத்துக்காகப் பதிப்பிக்கப்பட்டது என்பதை அரசே ஆராய்ந்து அனுமதிப்பதும் மறுப்பதும் கருத்துச் சுதந்திரத்துக்கு முரணாகும் என நீதிமன்றம் அந்நிபந்தனையை நீக்கியது. நிறம், அளவு பற்றிய நிபந்தனைகளை அது நிலைநிறுத்தியது. இத்தீர்ப்பின் சாரம் யாதெனின், ஒரு படத்தின் கருத்தை அரசு அளக்கலாகாது. அதன் நீள அகலங்களை அளக்கலாம் என்பதாகும். கலைக்கும் கருவூலத்துக்கும் இடையே வரையப்பட்ட எல்லைக்கோடுகளுள் இதுவே மிகத் தெளிவானது எனலாம். 1992ஆம் ஆண்டின் சட்டத்தை ஒட்டி நிறப்பதிப்புக்கும் வழி திறக்கப்பட்டது. உருவம் உண்மைத் தாளின் நீள அகலங்களில் முக்காற் பங்குக்குக் குறைந்தோ ஒன்றரை மடங்குக்கு மிகுந்தோ இருத்தல் வேண்டும்; ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடப்படல் வேண்டும்; அச்சிட்டபின் அச்சுத்தகடுகளும் படச்சுருள்களும் அழிக்கப்படல் வேண்டும் என்பனவே நிபந்தனைகள்.

சட்டம் இவ்வாறு தெளிவடைந்து வந்தபோதிலும், படப்பிடிப்புத் தளத்தின் வேலிகளைத் தாள்கள் தாண்டுவதை அது தடுக்கவில்லை. இருநிகழ்ச்சிகளை ஈண்டு காட்டலாம். 1985ஆம் ஆண்டிலே வில்லியம் பிரீட்கின் நெறிப்படுத்திய ‘டு லிவ் அண்ட் டை இன் எல்.ஏ.’ என்னும் படம் கள்ள அச்சாளன் ஒருவனைப் பற்றியது. நாணயத்தாள் போலிசெய்யப்படும் முறையை ஐயந்திரிபறக் காட்ட விரும்பிய நெறியாளர், அத்தொழிலறிந்தவர் ஒருவரின் துணையோடு தாள்களை மெய்யாகவே அச்சிடச் செய்தார். அவற்றிற் சில தளத்தினின்றும் வெளியேறிப் புழக்கத்துட் புகுந்தன. இரகசியச் சேவையினர் படக்குழுவினரை விசாரிக்கலாயினர். கள்ள நாணயத்தாளைப் பிடிக்கும் இரகசியச் சேவையினரைப் பற்றிய படமே அவர்களுடைய விசாரணைக்கு ஆளானது விந்தையே.

இரண்டாவது நிகழ்ச்சி இதனினும் பெரிது. 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வெளியான ‘றஷ் அவர் 2’ என்னும் படத்தில், லாஸ் வேகாஸ் நகரச் சூதாட்டக்கூடம் ஒன்றில் நிகழும் வெடிப்பினால் பணத்தாள்கள் மழைபோலச் சிதறும் காட்சி உண்டு. அதற்கெனக் கலிபோர்ணியாவைச் சேர்ந்த அரங்கப்பொருள் நிறுவனம் ஒன்று பெருந்தொகைத் தாள்களை அச்சிட்டிருந்தது. அத்தாள்களில் மெய்த்தாளினின்றும் வேறுபடுத்தும் வாசகங்கள் இருந்தன. ஆயினும், சிதறிய தாள்களைப் பொறுக்கியோர் சிலர் அவற்றை நகரத்துக் கடைகளிற் செலவிட முயன்றனர். இரகசியச் சேவையினர் தலையிட்டு, அச்சிடுதலை நிறுத்தவும் எஞ்சியவற்றை ஒப்படைத்து அழிக்கவும் பணித்தனர். நிறுவனத்துக்கு நேர்ந்த நட்டம் சிறிதன்று. ஏமாற்றும் எண்ணம் அச்சிட்டவருக்கு இருந்ததென எவரும் கூறவில்லை. காற்றில் எறியப்பட்ட தாள் எங்கு விழும் என்பதை அவர் அறியாததே அவர்க்கு நேர்ந்த இடராகும்.

இந்நிகழ்ச்சிக்குப் பின்னர் அரங்கப்பணத்தை ஆக்குவோர் மிக்க எச்சரிக்கையுடையோராயினர். அவர்கள் கைக்கொள்ளும் முறைகள் அறியத்தக்கன. தூரத்திலிருந்து எடுக்கப்படும் காட்சிக்கு உரிய தாள் இருபக்கமும் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அதிலுள்ள முகம் சிறிது மாற்றப்பட்டிருக்கும். நாணயத்தாளின் தலைப்பில் இருக்கவேண்டிய சொற்களுக்குப் பதிலாக, ‘திரைப்படப் பயனுக்கு மட்டும்’ என்னும் சொற்கள் அதே எழுத்துவடிவில் இருக்கும். இறைவனை நம்புகின்றோம் என்னும் நாட்டு வாசகத்தின் இடத்தில் அரங்கப்பொருளை நம்புகின்றோம் என நகைச்சுவையாக எழுதுதலும் உண்டு. நெருங்கிய காட்சிக்கு உரிய தாளோ ஒரு பக்கத்தில் மட்டும் நேர்த்தியாக அச்சிடப்பட்டு, மறுபக்கம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். கட்டுகளாக அடுக்கும்பொழுது மேலும் கீழும் மட்டும் அச்சிட்ட தாளை வைத்து, நடுவே வெற்றுத்தாளை நிரப்புவர். புத்தம்புதிய தாள் கண்ணுக்குப் பொய்யெனத் தோன்றுமாதலால், கசக்கியும் சாயமேற்றியும் அதனைப் பழந்தாளாக்குவர். ‘பிரேக்கிங் பாட்’ என்னும் தொலைக்காட்சித் தொடரில் 2012ஆம் ஆண்டு ஒளிபரப்பான பகுதியொன்றிலே, களஞ்சிய அறையொன்றிற் கட்டில்போலக் குவிந்துகிடக்கும் பணத்தைக் கண்டு வியந்தோர் பலர். இத்தகைய தொழிற்றிறனே அவ்வியப்பின் பின்னே நிற்பது.

கையே இறுதி நீதிபதி என்பதை இத்தொழிலாளர் நன்கறிவர். அமெரிக்க நாணயத்தாள் மரக்கூழாலான கடதாசியன்று. முக்காற் பங்கு பருத்தியும் காற் பங்கு சணல்நாரிழையும் கலந்து ஆக்கப்படுவது. அதன் மொரமொரப்பும், அச்சின் மேடு பள்ளமும் படக்கருவிக்குத் தேவையற்றவை. ஆகவே அரங்கப்பணத்தை ஆக்குவோர் கண்ணுக்குரியவற்றை மட்டும் போலிசெய்து, விரலுக்குரியவற்றை வேண்டுமென்றே விட்டுவிடுகின்றனர். எண்ணத்தைத் தாளோடு சேர்த்து அனுப்பும் வழி, எழுத்தினும் இவ்விடுபாட்டிலேயே அதிகம் தங்கியுள்ளது.

ஆனால் விரல் எப்பொழுதும் விழித்திருப்பதில்லை. இணையவழி வணிகம் பெருகிய பின்னர், அரங்கப்பணம் படநிறுவனங்களின் களஞ்சியத்தை விட்டு எவரும் வாங்கக்கூடிய பண்டமாயிற்று. அமெரிக்கக் காவற்றுறையினர் சிறு கடைகளுக்கும் உணவுச்சாலைகளுக்கும் இதுபற்றிப் பலமுறை எச்சரிக்கை விடுத்துள்ளனர். ஐரோப்பாவிலும் இதே நிலை காணப்பட்டது. யூரோத் தாள்கள் 2002ஆம் ஆண்டில் புழக்கத்துக்கு வந்தபின், ஐரோப்பிய மத்திய வங்கி 2003ஆம் ஆண்டிலே அவற்றின் உருவத்தைப் பதிப்பித்தற்கு விதிகள் வகுத்தது. ஒருபக்க உருவமாயின் நீள அகலங்கள் முக்காற் பங்குக்கு மேற்படாமலோ ஒன்றேகால் மடங்குக்குக் குறையாமலோ இருத்தல் வேண்டும். இருபக்க உருவமாயின் பாதிக்கு மேற்படாமலோ இரு மடங்குக்குக் குறையாமலோ இருத்தல் வேண்டும். இவ்விதிகள் இருந்தும், திரைப்படப் பணம் என வெளிப்படையாக அச்சிடப்பட்ட தாள்கள் கடைகளில் மாற்றப்படுவது பெருகியதாக 2020களின் முற்பகுதியில் ஜெர்மன் மத்திய வங்கி அறிவித்தது. சீன நாட்டு வங்கிப் பணியாளர் பணம் எண்ணிப் பழகுதற்கென அச்சிடப்பட்ட பயிற்சி டொலர்த் தாள்கள், சீன எழுத்துகள் மேலே பதிந்திருக்கவும், அமெரிக்கக் கடைகளிற் பணமாக ஏற்கப்பட்டுள்ளன. 2017ஆம் ஆண்டு பெப்ரவரியில் தில்லி நகரிலே, பிள்ளைகள் வங்கி எனப் பொறிக்கப்பட்ட இரண்டாயிரம் ரூபா விளையாட்டுத் தாள்களைப் பணம் வழங்கும் இயந்திரமே கொடுத்த செய்தியும் உண்டு. முன்னைய நவம்பரிற் பழைய தாள்கள் நீக்கப்பட்டு, புதிய தாள் மக்கள் கண்ணுக்குப் பழகாத காலம் அது.

இவற்றினின்றும் ஓர் உண்மை பெறப்படும். மக்கள் நாணயத்தாளைப் படிப்பதில்லை; பார்க்கின்றனர். நிறமும் அளவும் முகத்தின் சாயலும் ஒத்திருந்தால், அதிலுள்ள எழுத்து என்ன சொல்கின்றது என்பதை ஆராயாது ஏற்கின்றனர். இஃது அறியாமையன்று. ஒவ்வொரு தாளையும் ஒளியிற் பிடித்து ஆராய்ந்து பார்த்தே வாங்குவதாயின் சந்தை நடவாது. கொடுப்பவனை நம்பி வாங்குதலே வாணிகத்தின் இயல்பு. அப்ஹாமின் விளிம்பு வாசகம் வெட்டப்பட்டதனால் மறைந்தது. இக்காலத்து வாசகமோ தாளின் நடுவிலேயே இருந்தும் மறைந்துபோகின்றது.

இதன் விளைவைச் சுமப்பவர் யாவர்? அச்சிட்டவருக்கு அவர் விலை கிடைத்துவிட்டது. முதலில் மாற்றியவன் பண்டத்தையும் மீதிக் காசையும் பெற்றுக்கொண்டு சென்றுவிட்டான். மாலையிலே பணப்பெட்டியை எண்ணும் சிறுகடைக்காரரோ, அன்றைய கூலியை வாங்கிய பணியாளரோ அத்தாளோடு எஞ்சி நிற்கின்றனர். வங்கிக்குக் கொண்டுசென்றால் போலித்தாள் பறிமுதல் செய்யப்படும். அதற்கு ஈடு கொடுக்கப்படுவதில்லை. போலியென அறிந்தபின் அதனை வேறொருவருக்குத் தள்ளிவிட முயன்றால் அவரே குற்றவாளியாவார். ஆகவே நம்பியவர் நட்டத்தையும் ஏற்று, நேர்மையையும் காக்க வேண்டியவராகின்றார். கேளிக்கைக்காக ஆக்கப்பட்ட பொய்யின் கடன் இவ்வாறு கடைசிக் கையில் வந்து சேருகின்றது. ஒப்புமையையே தடுக்க முயன்ற சட்டம் ஹார்னற் போன்ற ஓவியரிடத்துக் கடுமையாகத் தோன்றினும், இக்கடைசிக் கையை நினைக்குமிடத்து அதன் நியாயம் புலப்படும்.

ஆயினும், அதன் பொருட்டுக் கலையில் பணமே தோன்றலாகாது எனல் பொருந்தாது. பேராசையும் வறுமையும் கொள்ளையும் கொடையும் பணத்தைக் காட்டாது சொல்லத்தக்க கதைகளல்ல. தாளின் கருத்தை விடுத்து அதன் அளவையும் பக்கத்தையும் மட்டும் வரையறுத்த பிற்காலச் சட்டமே இருதரப்புக்கும் இடமளித்தது. அவ்வரம்புக்குள் நின்று, கண்ணை நிறைத்துக் கையை ஏமாற்றாத தாளை ஆக்குதல் கைவினைஞரின் பொறுப்பாகும். படப்பிடிப்பு முடிந்ததும் ஒவ்வொரு தாளையும் எண்ணித் திரட்டி அழித்தல் தயாரிப்பாளரின் பொறுப்பாகும். வில்லாவின் தாள் தன் நாட்டில் நம்பிக்கை இழந்ததனால் அரங்குக்கு வந்தது. இக்காலத்து அரங்கத்தாளோ பிறர் நம்பிக்கையைக் கவர்ந்து சந்தைக்குச் செல்கின்றது. அரங்கிலே மன்னனாக நடித்தவன் முடியைக் கழற்றி வைத்துவிட்டே வீதிக்கு இறங்குகின்றான். அவன் கையிலிருந்த பணமும் அங்ஙனமே அரங்கிலேயே தங்கிவிடுதல் வேண்டும் என்பதே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.